90 வினாடி அனிமே: ரவான் அடிக்கும் வள்ளியும் பீட்டர் போத் மலையும்

வீட்டில் உட்கார்ந்து அனிமே, அதாவது ஜப்பான் பாணி அசைபடம், செய்ய ஆசைப்பட்டால் முழு அத்தியாயம் செய்யப் போகாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆசை எல்லோருக்கும் அங்கேதான் போகும். ஜப்பான் தொலைக்காட்சியில் அரை மணி நேர இடத்தில் வரும் ஓர் அத்தியாயம், விளம்பரம் போக, சுமார் 24 நிமிடம் ஓடும். அதற்கு ஒரு ஸ்டுடியோவே உட்கார்ந்து மாதக்கணக்கில் உழைக்கிறது. நமக்கு வேலை முடிந்து, பஸ் பிடித்து, சாப்பிட்டு, வீட்டில் சத்தம் அடங்கின பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரம்தான். அதனால் தொடக்கப் பாட்டை மட்டும் செய்யுங்கள். அது 90 வினாடி. கதாநாயகி யார், அவளுக்கு என்ன வேண்டும், அவளைச் சுற்றி எது திரிகிறது என்பதை அந்த 90 வினாடிக்குள் சொல்லிவிடலாம்.

நான் சொல்வது ஒரு குறிப்பிட்ட வகைக் கதைக்கு. இசை கற்கும் சின்னப் பிள்ளை, அவளுக்கு மட்டும் தெரிகிற அல்லது கேட்கிற, மனிதர் அல்லாத ஒன்று. ஜப்பானில் இதற்குப் பஞ்சமே இல்லை. 2002இல் வந்த ‘ஃபுல் மூன் வோ சகாஷிதே’வில் பாடகியாக ஆசைப்படும் 12 வயது மிட்சுகிக்குத் தொண்டையில் கட்டி, அறுவை செய்தால் குரல் போய்விடும், அவள் உயிர் விஷயமாக வந்த எமதூதர் இருவரில் ஒருவனே அவளை 16 வயதுப் பெண்ணாக மாற்றிப் பாட விடுகிறான். 2006இல் வந்த ‘லா கோர்தா தோரோ’வில் வயலினே தெரியாத பெண்ணின் கையில் ஒரு குட்டித் தேவதை மந்திர வயலினைத் திணித்துப் போட்டிக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், மந்திரம் ஓசியில் வருவதில்லை. மிட்சுகிக்கு நாள் எண்ணப்படுகிறது, மந்திர வயலினும் கடைசிவரை கூட வருவதில்லை. விலை வைக்காத மந்திரம் இரண்டாம் அத்தியாயத்திலேயே படுத்துவிடும்.

சரி, நம் தீவுக்கு வருவோம். மொரிஷியஸில் உட்கார்ந்துகொண்டு ஜப்பான் எமதூதரைக் கடன் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. நம்மிடம் இல்லாத பேயா? 1994 பிப்ரவரியில் ஒல்லாந்தா புயல் அடித்து, கரண்ட் போய் ஊரே இருண்டு கிடந்தபோது ‘தூனி மினுவி’ வந்துவிட்டான் என்று கிளம்பிய புரளியை அந்த வயதுக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. ஆனால் இசைக் கதைக்கு அவன் ஆக மாட்டான், அவனுக்குப் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. அதற்கு ஆள் மலை மேல் இருக்கிறார்.

பீட்டர் போத் மலையின் உச்சியில் தலை மாதிரி உட்கார்ந்திருக்கும் பாறையைத் தெரியாதவர் இங்கே கிடையாது. சுமார் 820 மீட்டர் உயரம். பெயர் டச்சுக்காரப் பெரிய அதிகாரி ஒருவருடையது, 1615இல் இந்தத் தீவுக்குப் பக்கத்தில் கப்பல் மூழ்கிச் செத்தவர். கடலில் போனவர் பெயர் மலைக்கு, அது ஒரு வேடிக்கை. கதை வேறு. மலைக்கு அந்தப் பக்கம் க்ரேவ் கேர் ஊரில் இருந்து மலையைத் தாண்டிப் போர்ட் லூயிக்குப் பால் விற்கப் போகும் பால்காரர் ஒரு நாள் வழியில் களைத்துத் தூங்கிவிடுகிறார். பாட்டுச் சத்தம் கேட்டு விழித்தால் தேவதைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்ததை யாரிடமும் சொல்லாதே, சொன்னால் கல்லாகிவிடுவாய் என்கிறார்கள். மனுஷன் சொல்லிவிட்டார். அந்தக் கல்தான் இது.

இந்தக் கதையை அப்படியே படமாக்காதீர்கள், அதில் இருக்கும் விதியை மட்டும் எடுங்கள். சொன்னால் கல். இப்போது அந்த மலையடியில் 13 வயதுப் பெண் ஒருத்தியை வையுங்கள், பெயர் வள்ளி, மலைக்குப் பொருத்தமான பெயர்தான். அதே பாட்டு அவள் காதிலும் விழுகிறது. யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் ரவானில், நம் தீவின் தோல் மேளத்தில், அடித்துப் பார்க்கிறாள். அடித்தால் அது சொன்ன கணக்கா, இல்லையா? என் கதை முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது. என் கணக்கில் அது பாதி சொன்ன மாதிரி. அதனால் அந்த மெட்டை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ஒரு விரல் நுனி கல்லாகிறது. இசைக்காரிக்கு இதைவிடப் பெரிய விலை வேண்டாம். முக்கியமாக, இந்த விலை கண்ணுக்கும் தெரியும், காதுக்கும் கேட்கும்.

காதுக்கு என்றேனே, அங்கிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். இசை முதலில், படம் அப்புறம். ஜப்பானில் சாதாரண வசனத்தைப் படம் வரைந்த பிறகுதான் பேசிப் பதிவு செய்வது வழக்கம், ஆனால் வாசிக்கிற, பாடுகிற காட்சி என்று வந்தால் ஒலிதான் முன்னே போகும். நான் இதைக் கேட்காமல் முதல் தடவை 200 படத்துக்கு மேல் வரைந்து முடித்து, பிறகு அதற்கு ரவான் சத்தம் தேடினேன். எங்கள் தெருவில் ரவான் வாசிக்கும் பெரியவர் ஒருவர், எல்லோருக்கும் அவர் தோந்தோன் (மாமா)தான், அவரிடம் பெருமையாகக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “இந்தப் பிள்ளை ஃபராத்தாவுக்கா மாவு பிசைகிறது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு வாரம் பென்சிலைத் தொடவில்லை.

தாளக் கணக்கைச் செய்துவிட்டால் அந்த அவமானம் வராது. ரவானில் அடிக்கும் நம் தீவு இசையான சேகாவின் தாளம் நம் காதுக்குப் புதிதல்ல, மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடை தெரிந்தவர்கள் ‘தகிட தகிட’ என்று சொல்லிப் பார்த்தால் கூடவே போகலாம். அனிமேயில் ஒரு வினாடிக்கு 24 பிரேம், அதாவது திரையில் 24 அசையாப் படம். சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ‘தகிட’ போடுங்கள். ஒரு ‘தகிட தகிட’ சுற்று சரியாக ஒரு வினாடி, ஆறு அட்சரம், ஒவ்வொரு அட்சரத்துக்கும் 4 பிரேம். மீதியே இல்லாமல் வகுபடுகிறது. 90 வினாடி என்றால் 90 சுற்று. இந்த வேகத்தை விட்டுவிட்டு 116, 124 என்று போனால் பெரும்பாலான அடிகள் பிரேமுக்கு நடுவில் விழும், பிறகு நீங்கள்தான் அழ வேண்டும்.

அடுத்து, வினாடிக்கு எத்தனை படம் வரைவது? 24ம் வரைவது அபூர்வம். ஒரு படத்தை இரண்டு பிரேம் நிறுத்தினால் வினாடிக்கு 12 படம், மூன்று பிரேம் நிறுத்தினால் 8. அனிமேயில் இரண்டும் நடக்கும், மூன்றுதான் கை வலிக்குச் சுகம். தகிட மூன்று எழுத்து, படமும் மூன்று பிரேம், பொருந்தும் என்று தோன்றும். பொருந்தாது. அடி விழுவது 1, 5, 9, 13, 17, 21 ஆகிய பிரேம்களில். மூன்று மூன்றாகப் போனால் படம் மாறுவது 1, 4, 7, 10, 13 என்று. ஆறு அடியில் இரண்டுதான் சேரும், மற்ற நாலும் மாவு பிசையும். இரண்டு இரண்டாகப் போங்கள்: ஒவ்வொரு அடிக்கும் இரண்டே படம், தோலைத் தொட்ட கை ஒன்று, எழும்பின கை ஒன்று. முகம், முடி, பின்னால் கரும்புத் தோட்டம் எல்லாம் மூன்றில் போகட்டும், யாருக்கும் தெரியாது. கை மட்டும் இரண்டில்.

இன்னொன்று, படம் ஒரு பிரேம் முந்தி வந்தால் கண் மன்னிக்கும், பிந்தி வந்தால் மன்னிக்காது. எல்லாம் முடிந்த பிறகு ஒலித் தடத்தை ஒரு பிரேம் பின்னால் தள்ளிப் பாருங்கள். பலமுறை அதுவே போதும்.

ஏன் ரவான், ஏன் வயலினோ வீணையோ இல்லை என்று என் தங்கையே கேட்டாள். மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் கர்நாடக இசை கற்றவள், அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். இரண்டு காரணம். வயலின் வில்லை நம்பும்படி வரைவது நரகம், வில், நான்கு விரல், மணிக்கட்டு எல்லாம் தனித்தனியாக நகரும். 2012இல் வந்த ‘சகாமிச்சி நோ அப்போலோன்’ என்ற ஜாஸ் அனிமேயில் பியானோவும் டிரம்சும் அவ்வளவு அசலாக இருப்பதற்குக் காரணம், கலைஞர்களை வாசிக்க வைத்துப் பல காமிராவில் படம் பிடித்து அதைப் பார்த்து வரைந்தார்கள். நம்மிடம் இருப்பது ஒரு போன். இரண்டாவது காரணம் நெருப்பு. ரவான் ஆட்டுத்தோல் போர்த்திய வட்டச் சட்டம், ஈரக் காற்றில் தோல் தளர்ந்துவிடும், அதனால் வாசிப்பதற்கு முன் தீயில் காட்டுவார்கள். நம் ஊர்ப் பறையைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. பக்கத்துத் தீவான ரியூனியனில் நம்மவர்கள் அடிக்கும் ‘மலபார் தம்பூர்’ மேளத்துக்கும் இதே நெருப்புதான். இந்த ஒரு செயலில் உங்களுக்குக் கதைக் கதவு கிடைத்துவிடுகிறது: தோல் சூடேறி இறுகும் வரை தேவதைகள் வர மாட்டார்கள், ஆறித் தளர்ந்தால் போய்விடுவார்கள். வள்ளிக்கு ஒவ்வொரு இரவும் சில நிமிடம்தான். கடிகாரம் காட்டவே வேண்டாம், சத்தம் தாழ்ந்துகொண்டே வருவதே கடிகாரம்.

பதிவு செய்யும்போதும் இதே சங்கதிதான் உங்கள் உயிரை எடுக்கும். நான் மலையடியில் போய் ‘இயற்கையாக’ப் பதிவு செய்கிறேன் என்று தோந்தோனைக் கூட்டிக்கொண்டு போனேன். போய் இறங்கவும் தூறல். முதல் அடி ‘தும்’ என்று வந்தது, பத்தாவது அடிக்குள் ஈரச் சாக்கைத் தட்டின மாதிரி ‘தொப்’. மேலே காற்று வேறு. வீட்டுக்குள் செய்யுங்கள், துணி நிறைந்த அலமாரி இருக்கும் அறை நல்லது. முற்றத்தில் தீ மூட்டித் தோலைக் காட்டி, விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கும்போது உள்ளே ஓடிவந்து உடனே பதிவு. போனை ஒன்றரைக் கை தூரத்தில், தோலுக்கு நேரே இல்லாமல் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மெட்ரோனோம் வாசிப்பவர் காதில் மட்டும் கேட்கட்டும். முழு வாசிப்பு மூன்று தடவை எடுங்கள், அப்புறம் நடுத்தோல் அடி, ஓர அடி, சட்டத்தைப் பிடித்திருக்கும் இடது கை விரல் தட்டு என்று ஒவ்வொன்றையும் தனியாகப் பத்து தடவை. பின்னால் ஒட்டுப்போட இது இல்லாமல் நடக்காது. இப்போது செயற்கைத் தோல் ரவான் வந்துவிட்டது, நெருப்பே வேண்டாம். சத்தம் பரவாயில்லை, ஆனால் கதை போய்விடும்.

கல் விரலின் ‘டக்’ தனி. சின்னக் கருங்கல்லை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மரச் சட்டத்தில் தட்டினால் நன்றாக வருகிறது. தோலில் தட்டாதீர்கள், அதுவும் இன்னொருவர் ரவானில். தட்டினவன் சொல்கிறேன்.

தேவதைகள் பாடும் மெட்டுக்கு மோகன ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பாட்டுகளில் நாலாவது, ஏழாவது ஸ்வரத்தை எடுத்துவிட்ட ஒரு ஐந்து ஸ்வர வரிசை மிகவும் புழக்கம், ‘யோனானுகி’ என்பார்கள். போட்டுப் பார்த்தால் அது நம் ச ரி க ப த தான். அனிமே வாசனையும் வரும், ஊரில் பாட்டிமாருக்கும் அந்நியமாகப் படாது. நான் ஒரு சின்னத் தந்திரம் செய்தேன், பாட்டின் பெரும்பகுதியில் தைவதத்தை, அதாவது அந்த ‘த’வை, தொடவில்லை. நாலே ஸ்வரம். கேட்பவருக்கு எதுவோ குறைகிறது என்று அரிக்கும், ஆனால் எது என்று தெரியாது. அந்தத் தைவதம் 71ஆவது வினாடியில், முதல் விரல் கல்லாகும் இடத்தில் வருகிறது.

இனி கை. போனில் ஸ்லோமோஷன் 120 பிரேம் வசதி இருந்தால் தோந்தோன் போன்ற ஒருவரின் கையைப் பக்கத்தில் இருந்து எடுங்கள், அதில் ஐந்துக்கு ஒரு பிரேமை எடுத்தால் சரியாக 24 ஆகிவிடும். சாதாரண வீடியோவில் எடுத்தால் பெரும்பாலும் 30 பிரேம், 24க்கு மாற்றும்போது அடி தவறும். எடுத்ததைப் பார்த்தால் நீங்கள் நினைத்தது போலக் கை மேலிருந்து கீழே விழவில்லை என்று தெரியும். ரவான் தொடை மேல் நின்றுகொண்டிருக்கிறது, கை பக்கவாட்டில் போகிறது, மணிக்கட்டு முதலில் போய் விரல்கள் கடைசியில் சேர்கின்றன, அடித்த உடனே தோல் கையைத் திருப்பித் தள்ளுகிறது. எழும்பின படத்தில் விரல்களைக் கொஞ்சம் விரித்து வரையுங்கள், தொட்ட படத்தில் சேர்த்து. கல்லான விரல் மட்டும் இரண்டு படத்திலும் ஒரே மாதிரி, மடங்காமல். அதற்கு நிழலும் அவுட்லைனும் மாற்ற வேண்டியதே இல்லை, அது அசையவில்லை என்பதே போதும். நான் முதலில் சாம்பல் நிறம் அடித்துக் கெடுத்தேன்.

கதைப்பலகைக்கு ஜப்பான்காரர்கள் பாணியில் நீளவாக்கில் தாள், ஒரு பக்கத்தில் ஐந்து கட்டம், பக்கத்திலேயே என்ன நடக்கிறது, என்ன பேசுகிறார்கள், எத்தனை வினாடி என்று தனித்தனிப் பத்தி. ‘ஏகோண்டே’ என்பது அதுதான். நம் பாட்டு சுற்றுக்கு ஒரு வினாடியாக இருப்பதால் வினாடிப் பத்தியில் சுற்றைத்தான் எழுதுகிறேன். எனக்கு மொத்தம் 31 ஷாட். அதில் பாதிக்கு மேல் ஒரே படத்தின் மேல் காமிரா நகர்வது: மலை, கரும்பு, கோவில் கோபுரம், தூங்கும் பாட்டி. வினாடிக்கு 12 என்று கணக்குப் போட்டால் 1,080 படம் வர வேண்டியது, 400 சொச்சத்தில் முடிந்தது.

பின்னணியில் ஒரு வலை இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள், நம்மூர்ப் பிள்ளைகள் முதல் பார்வையில் சிரித்துவிடுவார்கள். ஃபிளாம்போயான் மரம் சிவக்கச் சிவக்கப் பூப்பது நவம்பரில் இருந்து ஜனவரி வரை. கரும்பு வெள்ளையாகப் பூ விடுவது குளிர்காலத்தில். இரண்டும் அழகு என்று ஒரே ஷாட்டில் வைத்துவிடாதீர்கள். தைப்பூசக் காவடி வெயில் காலம், புயல் காலமும் அதுவே. ஆகவே காவடிக் கூட்டத்தின் ரோஜா நிற உடையும், மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கையில் ஜன்னலுக்குப் பலகை அடிப்பதும் அடுத்தடுத்து வரலாம், அது இயல்பு. வயல் நடுவில் கருங்கல்லைக் குவித்து வைத்திருப்பார்களே, அதை விடாமல் வரையுங்கள். கல்லாகும் கதையில் அந்தக் குவியல் இலவசமாகக் கிடைத்த பயம்.

பேச்சு. தொடக்கப் பாட்டில் வசனம் அதிகம் வேண்டாம், ஆனால் இருக்கும் ஒன்றிரண்டு வரியில் வள்ளியைச் சென்னைத் தமிழ் பேச வைக்காதீர்கள். இங்கே 13 வயதுப் பிள்ளை தோழியிடம் தீவின் பேச்சுமொழியான க்ரியோலில்தான் பேசும். தமிழ் பள்ளிக்கூடத்தில், கோவிலில், பாட்டியிடம் ஒன்றிரண்டு சொல். தேவதைகளின் “பா ராகோன்தே”வை அப்படியே விட்டுக் கீழே ‘சொல்லாதே’ என்று எழுத்தில் போட்டேன், நடுக்கம் அதில்தான் வந்தது. முதல் மூன்று வினாடி இருட்டில் ஒரு குரல் “சிராந்தான்?” என்கிறது, பிள்ளைகள் கூட்டமாக “சாம்பெக்!” என்கிறார்கள். விடுகதை போடும் இந்த முறை தெரியாத வீடு இல்லை. நிற்கிற தண்ணீர் எது, கரும்பு. தொங்குகிற தண்ணீர் எது, தேங்காய். இதே அச்சில் நானே ஒன்று கட்டி வைத்தேன்: பாடுகிற கல் எது? பதில் வரவில்லை, ரவான் தொடங்கிவிடுகிறது.

மென்பொருள் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிரிதா இலவசம், வரையவும் அசைக்கவும் அதுவே போதும், ஒலியையும் உள்ளே போட்டுக்கொள்ளலாம். ஓப்பன்டூன்ஸும் இலவசம், ஜிப்லி ஸ்டுடியோ பயன்படுத்தியதன் திறந்த வடிவம், 2016இல் வெளியே விட்டார்கள். பிரேமுக்குப் பிரேம் தாள் மாதிரி அட்டவணை இருப்பதால் தாளக் கணக்குக்கு அது சுகம், ஆனால் பழக ஒரு மாதம் ஆகும். ஒலி வெட்ட ஆடாசிட்டி. எதில் தொடங்கினாலும் முதல் வேலையாக 24 பிரேம் என்று அமைத்துவிடுங்கள், பாதியில் மாற்றினால் எல்லாம் கலைந்துவிடும். கோப்பை ஒவ்வொரு இரவும் வேறொரு இடத்திலும் சேமியுங்கள், கரண்ட் போவது கதையில் மட்டும் நடக்கட்டும்.

கடைசி இரண்டு வினாடி இசையை முழுக்க நிறுத்திவிட்டேன். மலை மட்டும், தலைப்பாறை, மேகம் நகர்கிறது. பிறகு ஒரே ஒரு ‘டக்’, வள்ளி கையா, மேலே இருக்கும் பால்காரரா என்று தெரியாது.

முடித்த பிறகு யாரிடமாவது காட்டுவதற்கு முன், சத்தத்தை முழுக்க மூடிவிட்டு ரவான் தெரிந்த ஒருவர் முன் ஓட விடுங்கள். ஒன்றும் கேட்காதீர்கள், அவர் கையை மட்டும் பாருங்கள். படத்தைப் பார்த்தபடி தொடையில் தட்ட ஆரம்பித்தால் உங்கள் தாளம் சரி. எந்த ஷாட்டில் தட்டுவதை நிறுத்துகிறார் என்று குறித்துக்கொண்டு வந்து அதை மட்டும் திருத்துங்கள். தோந்தோன் என்னுடையதில் மூன்று இடத்தில் நிறுத்தினார்: 17, 18, 26. அந்த மூன்றிலும் சோம்பலில் கையை மூன்று பிரேமில் வரைந்திருந்தேன்.